இரண்டே கட்சி உள்ள தொழிற்சாலை

அமெரிக்கக் கார் ஆலை ஒன்றை ஜப்பானிய நிறுவனம் எடுத்து நடத்துவதைப் பற்றிய ஹாலிவுட் படம் 'கங் ஹோ'. அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் வைத்த வாதம் என்னை இன்னும் விட்டபாடில்லை. “ஜப்பானியர் வேடத்துக்கு ஜப்பானியர்களையே போட்டிருக்கிறார்கள். வெள்ளைக்கார நடிகரின் கண் ஓரத்தை இழுத்து ஒட்டி ஆசியராக்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். அமெரிக்கத் தொழிலாளி அசட்டையாக வேலை செய்கிறான் என்று அமெரிக்கப் படமே சொல்கிறது. இரண்டு பக்கமும் சமமாக அடி வாங்குகிறது. 1986-ல் வந்த ஒரு வணிக நகைச்சுவைப் படத்திடம் இதற்கு மேல் என்ன பிரதிநிதித்துவம் கேட்கிறீர்கள்?” நியாயமான கேள்விதான். அவர் சொன்னதைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய சரி. கூட்டிப் பார்த்தால் மட்டும் எனக்குக் கணக்கு உதைத்தது. எங்கே உதைக்கிறது என்று தேடிப் பார்க்கத்தான் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

படம் எனக்குப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியாவில் ஹேட்லிவில் என்றொரு கற்பனை ஊர், மாதக்கணக்காக மூடிக் கிடக்கும் கார் ஆலை, டோக்கியோ வரை போய் “எங்கள் ஊருக்கு வாருங்கள்” என்று மன்றாடும் ஹண்ட் ஸ்டீவன்சன், அந்த ஆலையை எடுத்து நடத்த வரும் ஜப்பானிய நிறுவனமான அசான் மோட்டார்ஸ். கதை தெரிந்ததுதான். ஹண்டாக வரும் மைக்கேல் கீட்டன் வாயாடிக்கொண்டே இருக்கிறார், ஆனால் அந்த வாயாடலுக்கு அடியில் ஒரு பயம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மாதத்தில் 15,000 கார் செய்து முடித்தால் சம்பள உயர்வு, ஒன்று குறைந்தாலும் எதுவும் கிடையாது என்பது நிர்வாகத்தோடு அவன் போட்ட ஒப்பந்தம். தொழிலாளர் கூட்டத்தின் முன்னால் நிற்கும்போது, 13,000 செய்தாலே ஓரளவு உயர்வு உண்டு என்று பொய் சொல்லிவிடுகிறான். அவன் கெட்டவன் இல்லை. இரண்டு தரப்புக்கும் நல்லவனாக இருக்க ஆசைப்படுகிறவன் எங்கே போய் மாட்டிக்கொள்வான் என்பதை அந்த ஒரு காட்சி அப்படியே காட்டிவிடுகிறது. மேலிடத்துக்கும் கீழிடத்துக்கும் நடுவில் வேலை பார்த்தவர்கள் யாரும் அந்த இடத்தில் சிரித்துவிட்டுப் போய்விட முடியாது.

ரிப்பன் குத்திய மேலாளர்

ஆலையை நடத்த அனுப்பப்படும் ஜப்பானிய மேலாளர் கசுஹிரோவை நாம் முதலில் பார்ப்பதே அவமானத்தில்தான். தொழிலாளர்களிடம் இளகிய மனதோடு நடந்துகொண்டார் என்பதற்காக அவர் சட்டையில் ரிப்பன் ரிப்பனாகக் குத்திக் கத்தவிடுகிறார்கள். இது சினிமாக்காரர்களின் கற்பனை என்று நினைக்க வேண்டாம். ஃபூஜி மலை அடிவாரத்தில் 1979-ல் தொடங்கிய மேலாளர் பயிற்சிப் பள்ளி ஒன்று உண்டு. நிறுவனங்கள் தங்கள் ஆட்களை அங்கே அனுப்பும். வந்தவர்களின் சட்டையில் 'வெட்க ரிப்பன்கள்' குத்தப்படும். ஒவ்வொரு தேர்வாகத் தேறினால்தான் ஒவ்வொரு ரிப்பனாகக் கழற்றலாம். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதற்கு 'நரக முகாம்' என்று பெயர் வைத்தே எழுதின.

காலையில் எல்லாரும் சேர்ந்து உடற்பயிற்சி செய்வதும் நிஜம்தான். ஜப்பானில் வானொலியைப் போட்டுக்கொண்டு உடற்பயிற்சி செய்யும் வழக்கம் 1928-லிருந்து இருக்கிறது, எத்தனையோ ஆலைகளில் இன்றும் நடக்கிறது. ஒரே ஆளை எல்லா வேலைக்கும் பழக்குவதும் நிஜம். ஆக, லோவெல் கான்ஸும் பாபலூ மாண்டெலும் திரைக்கதைக்காக வெறும் கையோடு உட்காரவில்லை, விவரங்களைத் திரட்டியிருக்கிறார்கள். இங்கேதான் நான் நண்பரோடு முரண்படத் தொடங்குகிறேன். ஒரு நாட்டில் விசித்திரம் என்று பேசப்பட்ட ஒரு பள்ளியைக் கொண்டுவந்து முதல் அறிமுகமாக வைத்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் சாதாரண வழக்கங்களும் அதே விசித்திரத்தின் நீட்சியாகத்தான் தெரியும். ஆற்றில் சேர்ந்து குளிப்பதும் சோற்றைக் குச்சியால் சாப்பிடுவதும்கூட அந்த முகாமின் அடுத்த பாடம் போல ஆகிவிடுகிறது. ஒவ்வொரு விவரமும் உண்மையாக இருக்கலாம், அவற்றைக் கோத்த விதம் பொய்யாக இருக்கலாம்.

கசுஹிரோ ஒருவருக்கு மட்டும் இதிலிருந்து தப்பிக்க வழி கிடைக்கிறது. அவருக்கு வீடு இருக்கிறது, மனைவி இருக்கிறாள், குழந்தைகள் இருக்கிறார்கள். தனியாக இருக்கும்போது அவர் முகம் எப்படி மாறும் என்று நமக்குத் தெரியும். மற்ற ஜப்பானிய அதிகாரிகள் ஒரே நேரத்தில் தலையாட்டுகிறார்கள், ஒரே நேரத்தில் முறைக்கிறார்கள். சாப் ஷிமோனோ நடித்த சைட்டோவுக்கு ஒரு பதவிப் பேராசை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு நல்ல நடிகர், அந்த ஒரே சுரத்தைப் படம் முழுக்க வாசித்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை. கசுஹிரோ என்பது ஜப்பானில் ஆண்பிள்ளைக்கு வைக்கும் பெயர். படத்தில் அது குடும்பப் பெயர். அவர் மனைவி பெயர் உமேகி கசுஹிரோ. உமேகியோ ஒரு குடும்பப் பெயர்! அதாவது தம்பதியின் பெயரே தலைகீழாகக் கிடக்கிறது. ஜப்பானியர் ஒருவர் ஒரே ஒரு தடவை படித்துப் பார்த்திருந்தால் தட்டுப்பட்டிருக்கும். கேமராவுக்கு முன்னால் அத்தனை பேர் இருந்தும், எழுதும் மேசைப் பக்கம் ஒருவரை உட்காரவைத்து “இது சரியா?” என்று கேட்டதாகத் தெரியவில்லை. பிரதிநிதித்துவம் என்ற பேச்சு வந்தாலே நாம் திரையில் தெரியும் தலைகளை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். எண்ண வேண்டிய இடம் அது மட்டும் இல்லை.

வெள்ளைப் பலகையில் இரண்டு பத்தி

நண்பரின் வாதம் எங்கே இடறுகிறது என்பது எனக்குப் புரிந்தது படத்தைப் பார்த்தபோது இல்லை, ஒரு பயிற்சி வகுப்பில். ஜப்பானிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து வேலை செய்யப் போகிறவர்களுக்காக நடத்தியது அது. பயிற்றுநர் இந்தப் படத்திலிருந்து சில காட்சிகளைப் போட்டுக் காட்டினார். டொயோட்டா தன் மேலாளர்களிடம் 'அமெரிக்கர்களை எப்படி நடத்தக் கூடாது' என்று சொல்ல இந்தப் படத்தைப் பயன்படுத்தியதாக ஒரு செய்தி உண்டு, அதையும் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். அப்புறம் வெள்ளைப் பலகையில் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் 'நாம்', அந்தப் பக்கம் 'அவர்கள்' என்று எழுதினார். நேரம் தவறாமை அந்தப் பக்கம். வெளிப்படையாகப் பேசுவது இந்தப் பக்கம். குழு அந்தப் பக்கம், தனிமனிதன் இந்தப் பக்கம். பலகை வேகமாக நிரம்பிக்கொண்டே போனது.

வகுப்பில் ஒரு பொறியாளர் இருந்தார். ஜப்பானியப் பெயர், ஜப்பானிய முகம். பயிற்றுநர் அவரைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு, “நீங்கள்தான் சொல்ல வேண்டும், மேலதிகாரி தவறு செய்தால் உங்கள் நாட்டில் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சாவ் பாவுலோவில் நேராகவே சொல்லிவிடுவோம்” என்றார். அவருடைய தாத்தா காலத்திலேயே குடும்பம் பிரேசிலுக்குப் போய்விட்டதாம். பேசுவது போர்த்துகீசியம். ஜப்பானுக்குச் சுற்றுலாப் பயணியாகத்தான் போயிருக்கிறார். பயிற்றுநர் கையில் பேனாவோடு ஒரு நிமிடம் பலகையைப் பார்த்தபடி நின்றார். இந்தப் பதிலை எந்தப் பத்தியில் எழுதுவது? எழுதாமலே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பொறியாளர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பழகிப்போனது என்று முகமே சொன்னது. எனக்குத்தான் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த உறுத்தலோடு படத்தில் நடித்தவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். கசுஹிரோவாக வரும் கெட்டி வடனாபே பிறந்தது அமெரிக்காவில், யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரத்தில். நாம் கேட்டுச் சிரித்த அந்த உச்சரிப்பு, அமெரிக்க ஆங்கிலம் பேசி வளர்ந்த ஒருவர் வேடத்துக்காக மாட்டிக்கொண்டது. இரண்டு வருடம் முன்பு, 1984-ல், ஒரு பள்ளிக்கூட நகைச்சுவைப் படத்தில் அவர் வெளிநாட்டு மாணவனாக வந்தபோது, பின்னணியில் திரும்பத் திரும்பச் சேகண்டி அடித்துச் சிரிக்க வைத்தார்கள். அந்த வேடத்தோடு பார்த்தால் கசுஹிரோ எவ்வளவோ பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. மனைவியாக வரும் பாட்டி யசுடாகே கலிபோர்னியாக்காரர். சைட்டோவாக வரும் சாப் ஷிமோனோ பிறந்தது கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள் அல்லவா, அப்படி அடைக்கப்பட்ட சிறுவர்களில் அவரும் ஒருவர். நிறுவனத் தலைவராக வரும் சோ யமமுரா ஜப்பானிலிருந்து வந்த மூத்த கலைஞர். ஆனால் முக்கியமான ஜப்பானிய வேடங்களில் பலவற்றை ஏற்றவர்கள் அமெரிக்கர்கள்.

நண்பரின் கணக்கு உதைத்த இடம் இதுதான். 'ஜப்பானியர் வேடத்தில் ஜப்பானியர்' இல்லை, 'ஜப்பானியர் வேடத்தில் அமெரிக்கர்'. அந்தப் படத்தின் உலகத்தில் அந்த அமெரிக்கர்களுக்கு இடமே இல்லை. ஹேட்லிவில்லில் அமெரிக்கன் என்றால் ஹண்டைப் போல இருக்க வேண்டும், ஆசிய முகம் என்றால் டோக்கியோவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும். வடனாபே தன் சொந்தக் குரலில் அந்த ஊருக்குள் நடந்து வந்தால் கதையே நின்றுபோகும். கலாசார மோதல் நகைச்சுவைக்கு இரண்டு கட்சி தேவை. இரண்டு கட்சி கட்ட வேண்டுமென்றால் நடுவில் பிறந்தவர்களைக் கண்ணில் படாமல் வைத்தாக வேண்டும். அவர்களையே கூட்டிவந்து எதிர்க்கட்சி வேடம் போடவைத்தது இன்னும் கொடுமை.

இது வெறும் சினிமாச் சமாசாரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை, காரணம் இருக்கிறது. ஜப்பானியக் கார்களால் வேலை போகிறது என்ற ஆத்திரம் மூண்டிருந்த 1982 ஜூனில், கார் நகரமான டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் வின்சென்ட் சின் என்ற இளைஞர் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொல்லப்பட்டார். வயது 27. சீனாவில் பிறந்து, தத்தெடுக்கப்பட்டு மிச்சிகனில் வளர்ந்தவர், வரைவாளராக வேலை பார்த்தவர். அடித்தவர்கள் இருவர், கிரைஸ்லர் ஆலையின் மேற்பார்வையாளரும் அவருடைய மனைவியின் மகனும். உங்களால்தான் எங்களுக்கு வேலை போச்சு என்ற அர்த்தத்தில் அவர்களில் ஒருவர் கத்தியதாகச் சாட்சி சொன்னார்கள். அடுத்த வருடம் நீதிபதி கொடுத்த தண்டனை நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும். ஒரு நாள்கூட சிறை இல்லை. அந்த ஆத்திரத்துக்குத் தெரிந்தது இரண்டே கட்சிதான், முகத்தைப் பார்த்து எந்தக் கட்சி என்று முடிவு கட்டிவிட்டார்கள். இந்தப் படம் வெளிவந்தது அதற்கு நாலே வருடம் கழித்து. படத்தின் நோக்கம் சமாதானம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பகையை ஆற்றத்தான் சிரிக்க வைக்கிறார்கள். ஆனால் பகைக்கு அடித்தளமாக இருந்த அதே கோட்டின் மேல் நின்றுகொண்டு சமாதானம் பேசுகிறார்கள்.

“நல்ல ஆண்கள்”

அமெரிக்கப் பக்கமும் இதேதான். ஆலைத் தொழிலாளர்களில் நமக்கு நெருக்கமாகத் தெரிகிறவர்கள் எல்லாம் வெள்ளை ஆண்கள். ஒரு கறுப்பினத் தொழிலாளி கூட்டத்தோடு வருகிறார், பேசுகிறார், அவர் வீடு எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாது. உப்புக்குச் சப்பாணி. உற்பத்தி வரிசையில் நிற்கும் பெண் ஒருத்தி கதையை ஓர் அங்குலமாவது நகர்த்தியதாக எனக்கு நினைவில்லை.

ஹண்டின் காதலி ஆட்ரி வரும் விருந்துக் காட்சி ஒன்று இருக்கிறது. வேலைப் பேச்சு தொடங்கியதும் ஜப்பானிய மனைவிகள் எழுந்து போகிறார்கள். ஆட்ரி உட்கார்ந்தே இருக்கிறாள். மேசையில் ஒரு சங்கடம் பரவுகிறது. அவர்கள் பெண்களை எழுப்பி அனுப்புகிறவர்கள், நம் பெண் உட்காருகிறவள் என்று நம்மைப் புரிந்துகொள்ளச் சொல்கிறது படம். சரி, மறுநாள் காலை ஆலைக்குப் போய்ப் பார்த்தால்? அங்கே அமெரிக்கப் பெண்கள் முடிவெடுக்கும் மேசை எது? அந்த ஆலை அசானுக்குக் கை மாறுவதற்கு முன்னால் மட்டும் எப்படி இருந்தது? படம் அதைக் கேட்பதே இல்லை. ஒரு பக்கத்தின் ஆணாதிக்கத்தைக் கலாசாரம் என்று காட்டினால் மறுபக்கத்தின் ஆணாதிக்கம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது. கடைசியில் நிறுவனத் தலைவர் தொழிலாளர்களைப் பார்த்து “நல்ல குழு” என்கிறார், கசுஹிரோ “நல்ல ஆண்கள்” என்று திருத்துகிறார். உணர்ச்சியான இடம், எனக்கே தொண்டை அடைத்தது. அது கச்சிதமான உண்மையும்கூட. அந்தச் சமாதானம் இரண்டு நாட்டு ஆண்களுக்கு நடுவில் முடிந்த சமாதானம்.

நிஜ ஆலைகளில் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. அமெரிக்காவில் கார் தயாரித்த முதல் ஜப்பானிய நிறுவனம் ஹோண்டா, ஓஹியோவின் மேரிஸ்வில்லில், 1982-ல். மேலாளரும் தொழிலாளியும் ஒரே வெள்ளைச் சீருடை, ஒரே உணவகம் என்று பத்திரிகைகள் பாராட்டின. 1988-ல் அதே நிறுவனம், வேலைக்கு எடுப்பதில் பாரபட்சம் காட்டியது என்ற புகாரில் அமெரிக்க அரசின் சமவேலைவாய்ப்பு ஆணையத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. கறுப்பினத்தவரும் பெண்களுமாக 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஏறக்குறைய 60 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. ஆலையிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் குடியிருப்பவர்களைத்தான் எடுப்போம் என்ற விதியும் அங்கே விமர்சனத்துக்கு உள்ளானது. காகிதத்தில் அது வெறும் தூரக் கணக்கு, நடைமுறையில் கறுப்பினத்தவர் அதிகம் வாழும் கொலம்பஸ் நகரம் வட்டத்துக்கு வெளியே போய்விட்டது. ஜப்பானிய வழக்கமா, அமெரிக்க வழக்கமா? இரண்டும் ஒன்றையொன்று நன்றாகவே புரிந்துகொண்ட இடம் அது, மோதலே இல்லை. இந்த வகை நகைச்சுவைப் படங்களுக்கு அந்தக் காட்சி தோன்றாததற்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

எடுக்கப்படாத படம்

“அப்படியானால் இந்த மாதிரிப் படமே எடுக்கக் கூடாது என்கிறீர்களா?” என்று நண்பர் கேட்பார். எடுக்க வேண்டும் என்கிறேன். இரண்டு வழக்கங்கள் ஒரே கூரையின் கீழ் முட்டிக்கொள்வதில் இருக்கும் சிரிப்பு நல்ல சிரிப்பு. கட்சிக்குள்ளே இருக்கும் கட்சிகளையும் காட்டினால் அந்தச் சிரிப்பு கூடுமே தவிரக் குறையாது. 2019-ல் வந்த 'அமெரிக்கன் ஃபேக்டரி' ஆவணப்படம் இதற்குச் சாட்சி. ஓஹியோவில் ஜெனரல் மோட்டார்ஸ் மூடிவிட்டுப் போன ஆலைக்குள் சீனக் கண்ணாடி நிறுவனம் ஒன்று வருகிறது. ஏறக்குறைய இதே கதைதான். ஆனால் அங்கே சீனப் பக்கம் ஒரே முகம் இல்லை. முதலாளி ஒரு மாதிரி, மேற்பார்வையாளர்கள் ஒரு மாதிரி. குடும்பத்தை விட்டு வந்து உலையருகே வேலை பார்க்கும் ஒருவர், கூட வேலை பார்க்கும் அமெரிக்கர் மேல் உண்மையான பாசம் வைத்திருக்கிறார். ஓர் அமெரிக்கர் சீன நண்பர்களை விருந்துக்குக் கூப்பிட்டு, தன் ஹார்லி மோட்டார் சைக்கிளில் ஏறி உட்காரவைக்கிறார், துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கிறார். பிறகு அவருக்கே வேலை போகிறது. ஒரு கறுப்பினப் பெண் பழைய ஆலையில் மணிக்கு 29 டாலர் வாங்கியதையும் இங்கே 13 டாலர்கூட வராததையும் தன் வாயால் சொல்கிறார். படத்தில் நான் வாய்விட்டுச் சிரித்த இடங்கள் நிறைய. எதிலும் ஒரு நாட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

கற்பனைப் படத்துக்கு என் மனதில் இருப்பது கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட். ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடிய ஆலையை, டொயோட்டாவோடு சேர்ந்து 1984-ல் திரும்பத் திறந்தார்கள். 'கங் ஹோ'வில் தொழிற்சங்கம் கூடாது என்பது ஜப்பானியரின் நிபந்தனை. ஃப்ரீமாண்டில் சங்கம் இருந்தது. சண்டைக்காரர்கள், வேலைக்கு மட்டம் போடுகிறவர்கள் என்று பெயர் கெட்டுப்போயிருந்த பழைய தொழிலாளர்களையே பெரும்பாலும் திரும்ப எடுத்தார்கள். அவர்களில் வெள்ளையர், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் எல்லாரும் இருந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானில் டொயோட்டாவின் தகாஓகா ஆலைக்கு அனுப்பிப் பழக்கினார்கள். பழைய ஆலையில் என்ன ஆனாலும் வரிசையை நிறுத்தக் கூடாது, கோளாறை அப்படியே அடுத்த ஆளுக்குத் தள்ளிவிட வேண்டும். தகாஓகாவிலோ ஒவ்வொரு தொழிலாளி தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கியது. தவறு கண்ணில் பட்டால் இழுக்கலாம், பாட்டு ஒலிக்கும், உதவிக்கு ஆள் வரும், தேவைப்பட்டால் மொத்த வரிசையும் நிற்கும். அதிகாரம் என்றாலே மேலிடம் என்று பழகிய அமெரிக்கத் தொழிலாளிக்கு, கட்டுப்பாடே உருவானவர்கள் என்று அவன் கேள்விப்பட்டிருந்த ஜப்பானியர்தான் அந்தக் கயிற்றைக் கொடுக்கிறார்கள். யார் கட்டுப்பாடு, யார் சுதந்திரம்? வெள்ளைப் பலகையின் இரண்டு பத்தியும் இடம் மாறிவிட்டன. திரும்பும்போது பிரிவு விருந்தில் இரண்டு தரப்பும் அழுததாகப் போய்வந்தவர்களே பிற்பாடு பேட்டியில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த விமானத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்பினப் பெண் தொழிலாளியின் கண்ணில் கதையைத் தொடங்கலாம். பக்கத்து இருக்கையில், ஜப்பான் பக்கமே போயிராத, ஜப்பானியப் பெயர் கொண்ட ஒரு கலிபோர்னியாக்காரரை உட்காரவைக்கலாம். தகாஓகாவில் இறங்கியதும் எல்லாரும் அவரிடம்தான் வழி கேட்பார்கள். யாராவது அதை எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்கே போய் உட்கார்ந்துவிடுவேன், அந்த நண்பரையும் கூட்டிக்கொண்டு.